ஆறு வயதுப் பிள்ளைக்கு வீட்டுக்கல்வி: எந்தப் பாடத்திட்டத்தில் தொடங்கலாம்?

முதல்முறையாக வீட்டிலேயே சொல்லித்தரப் போகிறீர்கள், எந்தப் பாடத்திட்டம் வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். முதல் வருடம் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம் என்பேன். மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடப் புத்தகங்களும் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கணக்குக்கு மட்டும் ஏதாவது ஒரு புத்தகத்தை வரிசை மாறாமல் பின்பற்றுங்கள். பத்துக்குள் கூட்டல் பிடிபடாமல் இடமதிப்புக்கு (ஒன்றுகள், பத்துகள் என்று பிரிப்பதற்கு) போனால் பிள்ளை திணறும், நீங்களும் கத்துவீர்கள். வாசிப்புக்கு அந்தக் கெடுபிடி தேவையில்லை. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இருக்கின்றன. தினம் ஒன்று சேர்ந்து வாசியுங்கள். சூழ்நிலையியலா? சமையலறையும் சந்தையும் இருக்கிறதே.

அப்புறம் சான்றிதழ் பயம். 14 வயது நிறைந்ததும் தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ் வழியாகப் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். இப்போதைக்கு அந்தக் கவலையை ஓரமாக வையுங்கள்.