சாராகடிப் போர் என்றால் என்ன? 21 பேர் ஏன் பின்வாங்கவில்லை?

1897 செப்டம்பர் 12 அன்று, இன்றைய பாகிஸ்தானின் கைபர் பக்தூன்க்வா பகுதியில், சமானா மலைமுகட்டில் நடந்த சண்டை இது. ஹவில்தார் இஷர் சிங் தலைமையில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 36ஆவது சீக்கியப் படைப்பிரிவின் 21 வீரர்கள், ஆயிரக்கணக்கான ஒரக்சாய், அப்ரீதி பழங்குடிப் படையினரை எதிர்த்து நின்றார்கள்.

சாராகடி பெரிய கோட்டை அல்ல, சின்னஞ்சிறு காவல்சாவடி. ஆனால் லாக்ஹார்ட், குலிஸ்தான் என்ற இரண்டு கோட்டைகளும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி மலை மறைத்தது. கீழ்வீட்டுக்காரர் சொல்வதை மாடிக்குச் சொல்ல நடுப்படியில் ஒருவர் நிற்பதுபோல, கண்ணாடியில் சூரிய ஒளியைத் தெறிக்கவைத்துச் செய்தி கடத்தியது இந்தச் சாவடி. அதை வீழ்த்தினால் இரு கோட்டைகளும் துண்டிக்கப்படும். அதனால்தான் தாக்குதல் அங்கே குவிந்தது.

என்னை உலுக்குவது குர்முக் சிங்கின் செயல். காலையிலிருந்து சண்டையின் போக்கை ஒளிச்செய்தியாக லாக்ஹார்ட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தவர் அவர். கடைசியில், துப்பாக்கி ஏந்த அனுமதி கேட்டார். கிடைத்ததும் ஒளிச்செய்திக் கருவியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுச் சண்டையில் இறங்கினார். 21 பேரும் மாண்டார்கள். அனைவருக்கும், அன்று இந்திய வீரர்களுக்கான மிக உயரிய வீர விருதான 'இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்' வழங்கப்பட்டது.

அவர்கள் சாவடியைக் காப்பாற்றிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் சாவடி அன்றே வீழ்ந்தது, அவர்கள் ஈட்டித்தந்த பல மணி நேரத்தால் உதவிப்படை வந்து தப்பியது குலிஸ்தான் கோட்டைதான்.