பக்கத்துப் பண்ணையில் நோய் என்றால், நல்ல பன்றிகளையும் ஏன் கொல்கிறார்கள்?

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைத்தானே கேட்கிறீர்கள்? பார்த்துப் பார்த்து வளர்த்தவருக்கு நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் இதற்கு மருந்தே கிடையாது. வெளியே அறிகுறி தெரியும் முன்பே கிருமி உள்ளே இருக்கலாம். அதனால்தான் நோய் உறுதியானதும் 1 கி.மீ. சுற்றுவட்டத்தில் உள்ள பன்றிகளை அழிக்கிறார்கள், 10 கி.மீ. வரை கண்காணிக்கிறார்கள். 2020-இல் அசாமிலும் அருணாசலத்திலும் தலைகாட்டியதிலிருந்து இதுதான் வழி.

உங்கள் கையில் இருப்பது தீனி. ஓட்டல் மிச்சத்தில் நோய்ப்பட்ட பன்றிக்கறி ஒரு துண்டு கிடந்தாலே போதும், கொட்டில் முழுக்கப் பரவிவிடும். நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்துப் போடுங்கள். அப்புறம், ஒரு பன்றி தீனி எடுக்காமல் படுத்து, காது நுனியும் அடிவயிறும் சிவந்து நீலம் பாரித்தால், அவசரமாக விற்றுவிடாதீர்கள். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். மனிதருக்கு இது தொற்றாது.