டாலர் ஏறுதே, முழுப் பணத்தையும் இப்பவே அனுப்பிடலாமா?

கேள்வி: கேரளத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்கு எட்டு ஏக்கர் நெல்வயல் இருக்கிறது. இன்னும் பத்து ஏக்கர் பாட்டத்துக்கு எடுத்துச் செய்கிறேன். அறுப்பு சமயத்தில் தமிழ்நாட்டிலிருந்து பெல்ட் வண்டி (ரப்பர் பெல்ட்டில் ஓடும் நெல் அறுவடை இயந்திரம்) வரும்வரை காத்திருப்பதற்குள் கதிர் சாய்ந்துவிடுகிறது. சொந்தமாக ஒன்று வாங்கினால் நம் வயலை அறுத்ததுபோக வாடகைக்கும் விடலாம் என்று ஒரு சீனக் கம்பெனியிடம் விலை கேட்டேன். கொச்சி துறைமுகம் வரை கொண்டுவந்து தர 18,000 டாலர். 30 சதவீதம் முன்பணம். மீதியை மூன்று மாதம் கழித்து, கப்பலில் ஏற்றுவதற்கு முன் கட்ட வேண்டும். அதற்குள் டாலர் இன்னும் ஏறிவிடும் என்கிறார்கள். நகைக்கடன் எடுத்து முழுத் தொகையையும் இப்போதே அனுப்பிவிடலாமா? இல்லை, டாலராக வாங்கி வைத்துக்கொள்ளலாமா? ஷார்ஜாவில் வேலை செய்யும் தம்பி 30,000 திர்ஹாம் தருகிறேன் என்கிறான். அதை உடனே அனுப்பச் சொல்லவா?

பதில்: மூன்றுமே வேண்டாம். தம்பியின் பணம் மட்டும் வேண்டும், ஆனால் இப்போது அல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

டாலர் 90 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். இயந்திரத்தின் விலை 16.20 லட்சம். உங்கள் செலவு அதோடு நிற்காது. சுங்க வரி, அதன்மேல் சமூகநல சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி, எல்லாவற்றையும் கூட்டி அதன்மேல் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கு விழும் ஜிஎஸ்டி) என்று அடுக்கடுக்காக வரும். அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம், சர்சார்ஜ் அந்த வரியில் பத்தில் ஒரு பங்கு, ஐஜிஎஸ்டி 5 சதவீதம் என்று வைத்தால் மொத்தம் 18.41 லட்சம் ஆகிறது. உங்கள் இயந்திரத்துக்குரிய எச்எஸ் எண்ணை (சுங்கத்தில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் உள்ள எண்) சொல்லி, துறைமுகத்தில் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்டிடம் வரி விகிதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐஜிஎஸ்டியைப் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறுவடை வேலைக்கும் விவசாய இயந்திர வாடகைக்கும் ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. வாங்கும் வாடகைக்கு வரி இல்லை என்றால், கட்டிய வரியைக் கழிக்கவும் வழி இல்லை. அது முழுக்க உங்கள் கைச்செலவுதான்.

இந்தக் கணக்கில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. டாலர் ஒரு ரூபாய் ஏறினால் உங்களுக்குக் கூடுவது 18,000 ரூபாய் அல்ல, ஏறக்குறைய 20,500 ரூபாய். விலை ஏறும்போது அதன்மேல் விழும் வரியும் சேர்ந்து ஏறுகிறது. சுங்கத்துறை உங்கள் வங்கி போட்ட விலையையும் பார்க்காது. மாதம் இருமுறை அறிவிக்கப்படும் தனி மாற்று விகிதம் அவர்களுக்கு உண்டு. ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்ற இறக்குமதிப் படிவத்தைத் தாக்கல் செய்யும் நாளில் எது நடப்பில் இருக்கிறதோ அதுதான் வரிக்குப் பொருந்தும். எனவே விலையை இன்றே கட்டி முடித்தாலும், வரியின்மேல் டாலரின் நிழல் அப்படியேதான் இருக்கும்.

சரி, டாலர் ஏறுமா? 2013 மே தொடக்கத்தில் 54 ரூபாய்க்கு அருகே இருந்த டாலர், ஆகஸ்ட் கடைசியில் 68-ஐத் தாண்டியது. பயந்துபோய் அன்று வாங்கியவர்கள், அக்டோபரில் அது 62-க்கும் கீழே வந்ததைப் பார்த்து வயிறெரிந்தார்கள். 2025-இல் கதை வேறு. மே தொடக்கத்தில் 84-ஐ ஒட்டி இருந்தது, டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. பொறுத்துப் பார்ப்போம் என்றிருந்தவர்கள்தான் அப்போது மாட்டிக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தால் நான் கேள்வி பதில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எந்தப் பக்கம் போனாலும் உங்கள் வயிறு கலங்காதபடி ஏற்பாடு செய்துகொள்வதுதான் நம் வேலை.

நகைக்கடன் யோசனையை எடுத்துக்கொள்வோம். முன்பணம் 5,400 டாலர் போக மீதி 12,600 டாலர், அதாவது 11.34 லட்சம். ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 25,500 ரூபாய் போகும். இந்த வட்டியை ஈடுகட்டவே டாலர் இரண்டு ரூபாய் ஏறியாக வேண்டும். அது ஏறாமல் போனால் வட்டி வீண். இதைவிடப் பெரிய ஆபத்து வேறு: முழுப் பணமும் போய்விட்டால் அந்தக் கம்பெனியைக் கட்டிவைக்க உங்கள் கையில் என்ன இருக்கும்? இயந்திரம் செய்து முடித்து, ஓட்டிப் பார்த்த வீடியோவும் பாகங்களின் பட்டியலும் வரும்வரை மீதிப் பணம் உங்களிடம் இருப்பதுதான் உங்கள் பலம். 70 சதவீதத்தையும் கப்பல் ஏற்றும் முன் கேட்பதே எனக்குப் பிடிக்கவில்லை. சரக்கு ஏறியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீதான ‘பில் ஆஃப் லேடிங்’ நகல் வந்த பிறகு தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். பல கம்பெனிகள் ஒத்துக்கொள்வதுண்டு.

டாலராக வாங்கி வீட்டில் வைப்பது நடக்காத காரியம். உள்நாட்டில் வசிப்பவர் 2,000 டாலருக்கு மேல் நோட்டாக வைத்திருக்கக் கூடாது. இறக்குமதிக்குப் பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும்.

இனி உங்கள் தம்பி. கேள்வியில் கடைசியாக, போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். அமீரகத்தில் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். டாலர் ரூபாய்க்கு எதிராக ஏறினால் திர்ஹாமும் அதே அளவு ஏறும். தம்பியின் 30,000 திர்ஹாம் ஏறக்குறைய 8,170 டாலர். அதை இன்றே அனுப்பச் சொன்னால் ரூபாயாக மாறி உங்கள் கணக்கில் உட்கார்ந்துவிடும். பிறகு டாலர் ஏறினால் நஷ்டம் உங்களுக்கு. அங்கேயே அவர் கணக்கில் திர்ஹாமாகவே கிடக்கட்டும். மீதிப் பணம் கட்டும் வாரத்தில் அனுப்பச் சொல்லுங்கள். டாலர் 95-க்குப் போனாலும் 85-க்கு வந்தாலும் அந்த 8,170 டாலருக்கு உரிய ரூபாய் ஏறக்குறைய அப்படியே வந்துசேரும். காசு செலவில்லாத காப்பு இது. உடன்பிறந்தவர் தரும் அன்பளிப்புக்கு உங்களுக்கு வருமான வரியும் கிடையாது. கைமாற்றா அன்பளிப்பா என்பதை மட்டும் இரண்டு பேரும் இப்போதே பேசி, ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

‘நானே நேராகச் சீனாவுக்கு அனுப்பிவிடுகிறேன் அண்ணா’ என்று அவர் சொல்லக்கூடும். வேண்டாம். போன பணத்துக்குச் சரக்கு வந்ததா, வந்த சரக்குக்குப் பணம் போனதா என்று ரிசர்வ் வங்கியின் கணினி முறை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் பெயரில் சரக்கும், வேறொருவர் கணக்கிலிருந்து பணமும் என்றால் அந்தப் பதிவு முடியாமல் தொங்கும்.

12,600 டாலரில் தம்பியின் பங்கு போக மீதி இருப்பது 4,430 டாலர். இதற்கு மட்டும் வங்கியில் ‘ஃபார்வர்டு’ போடுங்கள். மூன்று மாதம் கழித்து இன்ன விலையில் டாலர் தருகிறோம் என்று வங்கி இன்றே ஒப்பந்தம் செய்துகொள்ளும். கம்பெனி முன்கூட்டித் தரும் விலைப்பட்டியலான புரோஃபார்மா இன்வாய்ஸைக் காட்ட வேண்டியிருக்கலாம். இன்றைய விலையைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஆண்டுக்கு 2 சதவீதம் என்று வைத்தால், மூன்று மாதத்துக்கு இந்தத் தொகைக்கு 2,000 ரூபாய் அளவில்தான் ஆகும். நகைக்கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பெனி தாமதித்தால் ஒப்பந்தத்தை நீட்டிக்கவும், வியாபாரமே முறிந்தால் ரத்து செய்யவும் வித்தியாசத் தொகை கட்ட நேரிடலாம். அதனால் கப்பல் தேதிக்குச் சில வாரம் கூடுதலாகவே வைத்துப் போடுங்கள்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. டிவியில் காட்டும் டாலர் விலை வேறு, கிளையில் உங்களுக்குப் போடும் விலை வேறு. வாய் திறந்து கேட்காத வாடிக்கையாளருக்கு டாலருக்கு 75 பைசா கூட்டிப் போட்டால், 18,000 டாலருக்கு 13,500 ரூபாய் சத்தமில்லாமல் போகும். ரிசர்வ் வங்கி ஏற்பாட்டில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய ‘எஃப்எக்ஸ்-ரீட்டெய்ல்’ தளத்தில் சிறிய ஆட்களும் சந்தை விலையைப் பார்த்து வாங்கலாம். அதில் சேர்த்துவிடுங்கள் என்று மேலாளரிடம் கேளுங்கள். அந்தப் பெயரைச் சொன்னாலே சில கிளைகளில் விலை இறங்கும்!

இவ்வளவும் சொன்னபின் வேண்டாத ஒரு கேள்வியையும் கேட்கிறேன். இந்த இயந்திரத்தை நீங்களே இறக்குமதி செய்யத்தான் வேண்டுமா? மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் தனி விவசாயிக்கு 40 சதவீதம், சிறு குறு விவசாயிக்கும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 50 சதவீதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. சோதனை முடிந்து பட்டியலில் உள்ள இயந்திரத்தை, பதிவு பெற்ற டீலரிடம் வாங்கினால்தான் அது கிடைக்கும். நீங்களாக இறக்கிய வண்டிக்குக் கிடைக்காது. டாலரில் இரண்டு மூன்று ரூபாய்க்குப் பதறும் நாம், லட்சக்கணக்கான மானியத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எனக்கு விளங்கவில்லை. உதிரி பாகம் வேறு இருக்கிறது. ரப்பர் பெல்ட் தேயும், கத்தி மழுங்கும், ஒவ்வொரு முறையும் மறுபடி டாலர். அறுப்பு நடுவில் ஒரு பேரிங் போனால் கப்பலுக்கா காத்திருப்பீர்கள்? பொள்ளாச்சியிலோ கோவையிலோ அந்தப் பாகம் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

எனவே இந்த வாரம் உங்கள் ஊர் வேளாண் அலுவலகமான கிருஷி பவனுக்குப் போய், மானியம் கழித்த டீலர் விலை என்ன என்று கேளுங்கள். அதை 18.41 லட்சத்தோடு துறைமுகச் செலவு, ஏஜென்ட் கூலி, லாரி வாடகை சேர்த்து வரும் தொகையோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இரண்டு லட்சத்துக்குக் குறைவு என்றால் டீலர் பக்கமே சாயுங்கள் என்பது என் கருத்து.

இல்லை, இறக்குமதிதான் என்று முடிவானால் முன்பணத்துக்கு முன்பே ஐஇசி எண் (இறக்குமதி ஏற்றுமதி செய்வோருக்கான பதிவு எண்) எடுத்துவிடுங்கள். சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவருவோருக்கு அந்த எண் தேவையில்லை என்ற சலுகை, விவசாயத்துக்கான பொருளுக்குப் பொருந்தாது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். அதே கப்பலில் ஒரு பவர் டில்லரும் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்டுவிடாதீர்கள். 2020 ஜூலை முதல் அது கட்டுப்படுத்தப்பட்ட இறக்குமதி. உரிமம் இல்லாமல் வந்தால் துறைமுகத்திலேயே நிற்கும். மீதிப் பணம் அனுப்பும் சமயத்தில் ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று மின்னஞ்சல் வந்தால், முன்பு பேசிய எண்ணில் கூப்பிட்டு, குரலைக் கேட்டு உறுதிசெய்யாமல் ஒரு டாலர்கூட அனுப்ப வேண்டாம்.