படைமுகாமுக்கு வாங்கிய ஜெனரேட்டரின் உத்தரவாதத்தை எப்படிக் கண்காணிப்பது?

நீலகிரியில் உள்ள வெலிங்டன் போன்ற மலைப் படைமுகாமுக்கு வாங்கும் டீசல் ஜெனரேட்டரின் உத்தரவாதத்தை எவ்வாறு கண்காணிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உத்தரவாதம் தொடங்குவது பொருள் கிடங்கில் இறங்கிய நாளிலா, பொருள் ஒப்பந்தப்படி உள்ளதா என்று பார்க்கும் ஏற்புச் சோதனை முடிந்த நாளிலா, நிறுவி இயக்கிக் காட்டிய நாளிலா என்பதை ஒப்பந்தமே சொல்ல வேண்டும். இல்லையேல் பெட்டியைப் பிரிக்கும் முன்பே பாதிக் காலம் கழிந்துவிடும்.

வெலிங்டன் இருக்கும் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், டர்போசார்ஜர் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத எஞ்சின் சமவெளியில் தரும் திறனை இங்கே தராது. அதை விற்பனையாளர் பழுதாக ஏற்கமாட்டார். ஆகவே அந்த உயரத்தில் கிடைக்க வேண்டிய கிலோவாட்டை முன்கூட்டியே எழுதி வாங்குவதே, என் கருத்தில், எல்லாவற்றிலும் முக்கியம்.

பழுது நேர்ந்தால் தேதி, ஓடிய மணிநேரம், வரிசை எண் ஆகியவற்றை லாக் புத்தகத்தில் குறித்து, அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். குன்னூர் மலைப்பாதையில் மண்சரிந்து மெக்கானிக் வரத் தாமதமானாலும், இயந்திரம் நின்ற நாட்கள் உத்தரவாதத்தோடு கூட்டப்படும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அப்படி நீளும்போது, விற்பனையாளர் கடமை தவறினால் பணம் தருவதாக அவருடைய வங்கி கொடுத்த வங்கிப் பிணையையும் நீட்டிக்கச் செய்யுங்கள்.