வாசகர் கேள்வி-பதில்: ஷோரூம் கணக்கும் ஈ.பி. கணக்கும்

கேள்வி: வேலைக்குப் போய்வர தினமும் 40 கி.மீ. ஓட்டுகிறேன். எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்கு 20 பைசாதான் செலவு என்கிறார்கள் ஷோரூமில். ஆனால் பெட்ரோல் வண்டியைவிட விலை 30,000 ரூபாய் கூடுதல். வீட்டில் இரண்டு மாதத்துக்கு 460 யூனிட் ஆகிறது. வாங்கலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: வாங்கலாம். ஆனால் அந்த 20 பைசா உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

3 கிலோவாட்-மணி, அதாவது 3 யூனிட் கொள்ளும் பேட்டரியை நிரப்ப மீட்டரில் சுமார் 3.4 யூனிட் ஓடும். சார்ஜர் சூட்டில் கொஞ்சம் போய்விடுகிறது. இருவர் ஏறி, சிக்னலில் நின்று ஓட்டினால் 100 கி.மீ.க்கு 3.5 யூனிட் என்று வையுங்கள். மாதம் 25 நாள் வேலை என்றால் இரண்டு மாதத்தில் 2,000 கி.மீ., 70 யூனிட். 460 என்பது 530 ஆகும்.

சிக்கலே இங்குதான். 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு எட்டரை ரூபாய் வாக்கில் விழுவதோடு முடிவதில்லை. 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த பாதி விலைச் சலுகையும் போய், அதில் மட்டும் 200 ரூபாய்க்கு மேல் ஏறும். எல்லாம் சேர்த்து வண்டிக்காக நீங்கள் கூடுதலாகக் கட்டுவது சுமார் 740 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 37 பைசா. அதே தூரத்துக்கு, லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பெட்ரோல் ஸ்கூட்டர் 44 லிட்டர் குடிக்கும். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தாலும் 4,450 ரூபாய். மிச்சம் ஏறக்குறைய 3,700. கூடுதல் விலை ஒன்றேகால், ஒன்றரை வருடத்தில் திரும்பிவிடும்.

500 யூனிட்டைத் தாண்டாமல் தப்ப ஒரு வழியும் உண்டு. 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறி ஒன்றை எடுத்துவிட்டு குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி மாட்டினால், தினம் 12 மணி நேரத்துக்கு, இரண்டு மாதத்தில் 32 யூனிட் குறையும். 530 என்பது 498. மயிரிழையில் தப்புவதுதான், இரண்டு மின்விசிறியாக மாற்றினால் கோடையிலும் தாக்குப்பிடிக்கலாம்.

மூன்றாம் தரப்புக் காப்பீட்டு பிரீமியத்தில் மின் வாகனங்களுக்கு 15 சதவீதத் தள்ளுபடி உண்டு, கொட்டேஷனில் பாருங்கள். சாலை வரி விலக்கும் மானியமும் காலக்கெடுவோடு வருபவை. போன வருடம் வாங்கியவர் சொன்ன விலையை நம்பாமல், பதிவு செய்யும் வாரத்து விலையைக் கேளுங்கள்.

கேள்வி: சார்ஜ் போட்டு ஒரு மணி நேரத்தில் பிளக் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. வண்டியில் கோளாறா?
- வாசகர், மதுரை

பதில்: பெரும்பாலும் வண்டியில் இல்லை, சாக்கெட்டில்தான். 750 வாட் சார்ஜர் மூன்றரை ஆம்பியர்கூட இழுப்பதில்லை. ஆனால் நான்கைந்து மணி நேரம் விடாமல் இழுக்கும். சாக்கெட்டுக்குள் பிளக் முள்ளைப் பிடிக்கும் தகடு தளர்ந்திருந்தால் அந்த இடத்தில் சூடேறி, பிளாஸ்டிக் இளகி, தகடு இன்னும் தளரும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போடுகிறீர்கள் என்றால் அதை இன்றே கழற்றிவிடுங்கள். 16 ஆம்பியர் மூன்று துளை சாக்கெட், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், தனி எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் துண்டிப்பது), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிப்பது), ஒழுங்கான எர்த் - இவ்வளவும் வேண்டும். பழைய வாடகை வீடுகளில் எர்த் துளை இருக்கும், பின்னால் ஒயர் இருக்காது. எலெக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று முள்ளை இரண்டாக்கும் கன்வெர்ட்டர் கூடவே கூடாது.

கேள்வி: ஓய்வு பெற்றவன். கோயில், மார்க்கெட் என்று தினம் 8 கி.மீ. தாண்டாது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எனக்கு லாபமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: பணத்துக்காக என்றால் இல்லை. மாதம் 200 கி.மீ.க்கு மிச்சம் 380 ரூபாய்தான். 30,000 ரூபாயை எடுக்க ஆறரை வருடம் ஆகும். மூன்று வருட வாரண்டியுள்ள பேட்டரி அதற்குள் தளர்ந்தால் மாற்ற அரை லட்சத்துக்கு மேல் கேட்பார்கள். எட்டு வருட வாரண்டி எடுத்தால் அந்தப் பயம் குறையும், விலை ஏறும். ஆயில், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் செலவு இல்லை என்பது உண்மை. ஆனால் உங்கள் ஓட்டத்துக்கு அதுவும் வருடத்துக்கு ஒரு சர்வீஸ்தான். இப்போதிருக்கும் வண்டி ஓடும்வரை ஓட்டுங்கள்.