அறிக்கை வந்த பிறகு அரசுகள் என்ன செய்கின்றன? வாசகர் கேள்வி–பதில்

குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைகளை விசாரித்த பொது ஆணையங்கள் குறித்தும், அவற்றின் அறிக்கைகளை அரசுகள் கையாண்ட விதம் குறித்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: பிரிட்டனில் ஏழு வருடம் விசாரித்து 2022-ல் இறுதி அறிக்கை கொடுத்துவிட்டார்கள். பிறகு 2025-ல் மறுபடியும் ஒரு தேசிய விசாரணை ஏன்? முதல் விசாரணை தோற்றுவிட்டதா?

விசாரணை தோற்கவில்லை. அறிக்கையைக் கையில் வாங்கியவர்கள் அதைச் சரியாகக் கையாளவில்லை என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான அந்த விசாரணை, பேராசிரியர் அலெக்சிஸ் ஜே தலைமையில் 15 தனித்தனி ஆய்வுகளை நடத்தியது. 325 நாட்கள் பொது அமர்வு நடந்தது. செலவு சுமார் 18.6 கோடி பவுண்டு. இறுதி அறிக்கை 2022 அக்டோபர் 20 அன்று 20 பரிந்துரைகளோடு வெளியானது. அன்றுதான் பிரதமர் லிஸ் டிரஸ் பதவி விலகலை அறிவித்தார். அந்தப் பரபரப்பில் அறிக்கை அமுங்கிப்போனது. அரசின் முறையான பதில் 2023 மே 22-ல் வந்தது. 20-ல் 19 பரிந்துரைகளில் நடவடிக்கை தேவை என்பதை ஏற்பதாக அதில் சொன்னார்கள். வாசகத்தைக் கவனியுங்கள்: நடவடிக்கை தேவை என்பதைத்தான் ஏற்றார்கள், பரிந்துரையை அது எழுதப்பட்ட வடிவில் ஏற்கவில்லை. ஜே தம் ஏமாற்றத்தை வெளிப்படையாகவே சொன்னார்.

குழந்தை மீதான கொடுமை தெரியவந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்பது பரிந்துரைகளில் ஒன்று. இந்தக் கட்டாயப் புகார் கடமையை ஒரு குற்றவியல் நீதி மசோதாவில் சேர்த்தார்கள். 2024-ல் தேர்தல் அறிவிக்கப்பட்டு நாடாளுமன்றம் கலைந்ததும் மசோதாவும் காலாவதியானது. நல்ல பரிந்துரைகள் இப்படித்தான் அதிகம் சாகின்றன. யாரும் எதிர்க்க வேண்டியதில்லை. தாமதம் ஒன்றே போதும்.

2025 ஜனவரியில் கும்பலாகச் சிறுமிகளைச் சீரழித்த வழக்குகள் மீண்டும் அரசியல் விவாதமாயின. அறிக்கை வந்தபோது ஆட்சியில் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சி, எதிர்க்கட்சியானதும் புதிய தேசிய விசாரணை கேட்டது. அப்போது மறுத்த லேபர் அரசு, பிரபுக்கள் சபை உறுப்பினர் லூயிஸ் கேசியிடம் ஒரு விரைவுத் தணிக்கையை ஒப்படைத்தது. ஜூனில் அவர் தந்த அறிக்கையைப் பார்த்த பிறகு சட்டபூர்வ விசாரணைக்கு ஒப்புக்கொண்டது. தேசியத் தரவுகளில் மூன்றில் இரண்டு பங்கு குற்றவாளிகளின் இனப் பின்னணி பதிவே செய்யப்படவில்லை என்று அந்தத் தணிக்கை கண்டது. ஜே தலைமையிலான விசாரணை ஏற்கெனவே கேட்டிருந்த, இன விவரமும் அடங்கிய பொதுத் தரவுத் தொகுப்பைச் சொன்ன காலத்திலேயே உருவாக்கத் தொடங்கியிருந்தால், 2025-ன் வாக்குவாதத்தில் பாதி யூகத்தின் மேல் நடந்திருக்காது.

ஒரு நியாயமான இடைவெளியும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜே விசாரணையின் கும்பல் சுரண்டல் பகுதி, துர்ஹாம், ஸ்வான்சீ, பிரிஸ்டல் உட்பட ஆறு பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டது. அதிகம் பேசப்பட்ட ராதர்ஹாமும் ராச்டேலும் அதில் இல்லை. புதிய விசாரணைக்கு 2025 டிசம்பரில் ஆன் லாங்ஃபீல்ட் தலைவராக அறிவிக்கப்பட்டார். மூன்று ஆண்டு, 6.5 கோடி பவுண்டு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: பரிந்துரையை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இல்லை. பிரிட்டனின் 2005 விசாரணைச் சட்டப்படி, ஆணையம் சாட்சிகளை வரவழைக்கலாம், ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம். யாரையும் குற்றவாளி என்றோ இழப்பீடு தர வேண்டியவர் என்றோ தீர்ப்பளிக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் ராயல் கமிஷன் எனப்படும் உயர்நிலை விசாரணை ஆணையத்தின் பரிந்துரைகளும் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆணையத்தின் ஆயுள் அறிக்கையோடு முடிந்துவிடுகிறது. தலைவர் வீட்டுக்குப் போகிறார், ஊழியர்கள் கலைகிறார்கள், கேள்வி கேட்க அந்த அலுவலகமே இருப்பதில்லை. பரிந்துரைகளின் கதியைக் கண்காணிக்கத் தனி நாடாளுமன்றக் குழு வேண்டும் என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபைக் குழு ஒன்று 2024 செப்டம்பரில் கேட்டது இதனால்தான்.

கேள்வி: அரசு “ஏற்றுக்கொண்டோம்” என்றால் அதை எப்படிச் சரிபார்ப்பது? பதில் ஆவணத்தைப் படித்தால் எல்லாம் நன்றாகவே இருப்பதுபோல் தெரிகிறது.

ஆவணத்தைத் தனியாகப் படிக்காதீர்கள். ஆணையத்தின் பரிந்துரையை இடப்பக்கம், அரசின் பதிலை வலப்பக்கம் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஏமாற்றம் பெரும்பாலும் விடுபட்ட சொற்றொடரில்தான் இருக்கும்.

கட்டாயப் புகார் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். குழந்தை தானே சொன்னாலோ, கொடுமையை நேரில் பார்த்தாலோ, செய்தவரே ஒப்புக்கொண்டாலோ, குழந்தைகளோடு பணிபுரிபவர் புகார் செய்யத் தவறுவது குற்றமாக வேண்டும் என்பது ஜே விசாரணையின் பரிந்துரை. 2025-ல் லேபர் அரசு கொண்டுவந்த மசோதாவில் புகார் கடமை இருந்தது. ஆனால் புகார் செய்யாமல் இருப்பதற்குக் குற்றவியல் தண்டனை வைக்கப்படவில்லை. அதற்குத் தொழில்முறை ஒழுங்கு நடவடிக்கைதான். இன்னொருவர் புகார் செய்வதைத் தடுப்பதே குற்றமாக்கப்பட்டது. தலைப்பு ஒன்று, கூர்மை வேறு. செய்திக் குறிப்பு மட்டும் படித்தவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

அடுத்து காசைத் தேடுங்கள். புதிய அமைப்பு, ஆலோசனை சேவை, நிவாரணத் திட்டம் என்று எதைச் சொன்னாலும், அதற்கான தொகை அடுத்த பட்ஜெட்டில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். “இருக்கும் ஒதுக்கீட்டிலிருந்து” என்றால் வேறொரு சேவை மெலியப்போகிறது என்று பொருள். பிறகு தேதி. “விரைவில்”, “நேரம் அமையும்போது” என்பவை தேதிகள் அல்ல. கடைசியாக, எந்தத் துறை, எந்தப் பதவி பொறுப்பு என்பது. இரண்டு மூன்று துறைகளின் பெயர் சேர்ந்து வந்தால் ஒன்றும் அதைத் தனதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றே கருதலாம்.

“கொள்கையளவில் ஏற்கிறோம்” என்பதை உடனே பொய் என்று ஒதுக்க வேண்டாம். மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்படும் கூட்டாட்சி நாடுகளில் அதற்கு நியாயம் உண்டு. பன்னிரண்டு மாதம் கழித்தும் அதே வரி மாறாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவை முன்மாதிரி என்கிறார்களே, சரியா?

பெருமளவு சரி. பிரதமர் ஜூலியா கில்லர்ட் 2012 நவம்பரில் அறிவித்து, நீதிபதி பீட்டர் மெக்லெலன் தலைமையில் நடந்த ராயல் கமிஷன், 8,000-க்கும் மேற்பட்டவர்களைத் தனி அமர்வில் சந்தித்துக் கேட்டது. குறுக்கு விசாரணை இல்லாமல், ஓர் ஆணையரிடம் நேரில் பேசும் அமர்வுகள் அவை. 57 பொது விசாரணைகள் நடந்தன. 2,500-க்கும் மேற்பட்ட விஷயங்கள் போலீஸ் உள்ளிட்ட அமைப்புகளுக்கு அனுப்பப்பட்டன. மொத்தப் பரிந்துரைகள் 409.

அவர்கள் செய்த புத்திசாலித்தனம், எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு வைக்காதது. நிவாரணம் பற்றிய அறிக்கை 2015-லேயே வந்தது, குற்றவியல் நீதி பற்றியது 2017 ஆகஸ்டில். இறுதி அறிக்கை வரும் முன்பே விவாதம் முற்றிவிட்டதால் 2018 ஜூலை 1-ல் தேசிய நிவாரணத் திட்டம் தொடங்க முடிந்தது. சிவில் வழக்குக்கான காலவரம்பை விக்டோரியா 2015-லேயே நீக்கியது. மத்திய அரசு ஐந்து ஆண்டுகள் வருடாந்தர முன்னேற்ற அறிக்கை தர வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது.

ஆனால் நிவாரணத் திட்டத்தின் உள்ளே போய்ப் பாருங்கள். ஒருவருக்குத் தரும் தொகைக்குக் கமிஷன் கேட்ட உச்சவரம்பு 2,00,000 ஆஸ்திரேலிய டாலர். அரசு வைத்தது 1,50,000. கமிஷனின் அளவுகோல் கொடுமையின் தீவிரத்துக்கு 40, வாழ்க்கையில் ஏற்படுத்திய பாதிப்புக்கு 40, மற்றவற்றுக்கு 20 என்று மதிப்பெண் பிரித்திருந்தது. அரசின் அட்டவணை கொடுமையின் உடல்ரீதியான வகையை வைத்தே உச்சத் தொகையைப் பிரித்தது: தொடுதல் சார்ந்ததென்றால் 50,000-க்கு மேல் இல்லை. தொடுதலோடு நின்ற கொடுமையாலும் ஒருவரின் படிப்பு, வேலை, மணவாழ்வு எல்லாம் குலைந்திருக்கலாம். அந்த மனிதருக்கு இந்த அட்டவணையில் இடமில்லை. இது எங்கள் பார்வையில் திட்டத்தின் மிகப் பெரிய அநீதி.

முன்பு திருச்சபையோ பள்ளியோ கொடுத்த தொகை இருந்தால், அதை ஆண்டுக்கு 1.9 சதவீதம் கூட்டிக் கழிப்பார்கள். பணத்தை ஏற்றால் அந்த நிறுவனத்தின் மீது சிவில் வழக்கு போடும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். ஆகவே கையெழுத்துக்கு முன் இலவச சட்ட ஆலோசனை பெறுவது அவசியம். வாய்ப்பை ஏற்க ஆறு மாதம் அவகாசம் உண்டு, அவசரப்பட வேண்டியதில்லை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2027 ஜூன் 30.

கேள்வி: நிறுவனங்கள் செய்த குற்றத்துக்கு மக்கள் வரிப்பணம் ஏன்?

அயர்லாந்தின் அனுபவம் இதற்குக் கசப்பான விடை. துறவற சபைகள் நடத்திய விடுதிகளில் குழந்தைகள் பட்ட கொடுமைக்காகப் பிரதமர் பெர்ட்டி ஆஹெர்ன் 1999 மே மாதம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். விசாரணைக் குழு அமைந்தது. விசாரணை முடிவதற்கு முன்பே, 2002-ல், 18 துறவற சபைகளோடு அரசு ஓர் ஒப்பந்தம் போட்டது. சபைகள் பணமும் சொத்துமாக 12.8 கோடி யூரோ தரும். அதற்குமேல் வரும் இழப்பீட்டை அரசு தாங்கும். எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கு கையில் இல்லாமலே ஒரு பக்கத்துக்கு மட்டும் உச்சவரம்பு வைத்ததுதான் தவறு. விசாரணைக்கும் இழப்பீட்டுக்கும் சேர்த்து மொத்தச் செலவு 150 கோடி யூரோ அளவுக்குப் போனது. 2009-ல் அந்த விசாரணைக் குழுவின் ரயன் அறிக்கை வெளியானபின் சபைகளும் பாதிப் பங்கு ஏற்க வேண்டும் என்று அரசு கேட்டது. கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பின்னோக்கித் திருத்த வழி இல்லை. சில சபைகள் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தன, பாதி எட்டப்படவில்லை.

அந்தக் குழுவின் முதல் தலைவர் நீதிபதி மேரி லஃபோய், அரசின் தாமதங்களையும் ஒத்துழையாமையையும் சுட்டிக்காட்டி 2003-ல் விலகியதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். அமைத்த அரசே தடையாக இருக்க முடியும்.

கேள்வி: அரசின் மன்னிப்பால் பயன் உண்டா?

உண்டு. பாதிக்கப்பட்டவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நியூசிலாந்தைப் பாருங்கள். 1950 முதல் 2019 வரை அரசு, மதப் பராமரிப்பில் இருந்தவர்களில் 2,00,000 பேர் வரை கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகியிருக்கலாம் என்று மதிப்பிட்ட விசாரணை ஆணைய அறிக்கை 2024 ஜூலையில் வந்தது. நவம்பர் 12-ல் பிரதமர் கிறிஸ்டபர் லக்சன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கொடுமை நடத்திய துறைகளே இழப்பீட்டையும் முடிவுசெய்யக் கூடாது, சுதந்திரமான அமைப்பு வேண்டும் என்று ஆணையம் 2021-லேயே பரிந்துரைத்திருந்தது. 2025 மே மாதம் அந்தப் புதிய அமைப்பு கிடையாது என்று அரசு அறிவித்தது. இருக்கும் முறைக்கே பணம் கூட்டி, சராசரித் தொகையை 19,180-லிருந்து 30,000 நியூசிலாந்து டாலராக உயர்த்தியது. தங்களைக் காக்கத் தவறிய அலுவலகத்தின் கதவையே பாதிக்கப்பட்டவர்கள் மறுபடி தட்ட வேண்டியிருக்கிறது.

கேள்வி: தலைவர் நியமனத்தில் ஏன் இத்தனை சிக்கல் வருகிறது?

முதலில் ஆளை நியமித்து, பிறகு அவரது பின்னணியை ஆராய்வது என்று தலைகீழாகச் செய்வதால். பிரிட்டனில் 2014 ஜூலையில் முன்னாள் நீதிபதி பட்லர்-ஸ்லாஸ் நியமிக்கப்பட்டு சில நாட்களில் விலகினார். அவருடைய சகோதரர் 1980-களில் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். அடுத்து வந்த ஃபியோனா வுல்ஃப், முன்னாள் உள்துறை அமைச்சர் லியோன் பிரிட்டன் என்பவரோடு இருந்த சமூகப் பழக்கத்தால் அக்டோபரில் விலகினார். மூன்றாமவர் நியூசிலாந்து நீதிபதி லோவல் காடர்ட்; அவரும் 2016-ல் போனார். ஜே நான்காவது. தனிப்பட்ட நேர்மை அங்கே கேள்வி அல்ல. சிறு வட்டத்துக்குள் எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த அதிகார உலகை விசாரிக்க, அதே வட்டத்திலிருந்து ஆளைத் தேடியதே பிரச்சினை. பாதிக்கப்பட்டவர்களிடம் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே காட்டிப் பேசியிருந்தால் முதல் இரண்டு விலகல்களைத் தவிர்த்திருக்கலாம்.

கேள்வி: குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தின் ரகசியத்துக்குக் கட்டாயப் புகார் கடமையிலிருந்து விலக்கு உண்டா?

ஆஸ்திரேலிய கமிஷன் விலக்கு கூடாது என்றது. அங்குள்ள கத்தோலிக்க ஆயர்கள் பேரவை 2018-ல் அந்தப் பரிந்துரையை ஏற்க மறுத்தது. தெற்கு ஆஸ்திரேலியா, விக்டோரியா, டாஸ்மேனியா, குயின்ஸ்லாந்து ஆகியவை விலக்கு இல்லாமலே சட்டம் இயற்றின.

கேள்வி: சாதாரண வாக்காளர் என்ன செய்ய முடியும்?

ஒரு கடிதத்தில் ஒரு பரிந்துரையை மட்டும் எடுங்கள். அதன் எண்ணைக் குறிப்பிடுங்கள். “இந்தப் பரிந்துரைக்கான சட்டப்பிரிவு எது, ஒதுக்கிய தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள்?” என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதி, அதையே அமைச்சரிடம் எழுத்துபூர்வக் கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள். எழுத்துபூர்வப் பதில் பதிவேட்டில் நிற்கும். அடுத்த ஆண்டு அதையே மேற்கோள் காட்டலாம். பொதுவாகக் “குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்” என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும்.

உள்ளூராட்சி அளவில் விசாரணை நடந்தால் இங்கிலாந்தின் டெல்ஃபர்ட் நகரின் உதாரணத்தைக் கேளுங்கள். அங்கே டாம் க்ரௌதர் தலைமையிலான விசாரணை 2022 ஜூலையில் 47 பரிந்துரைகளைத் தந்தது. அவரே இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து, பாதிக்கப்பட்ட பெண்களோடு சேர்ந்து ஒவ்வொன்றையும் சரிபார்த்து 2024-ல் இன்னோர் அறிக்கை கொடுத்தார், பெரும்பாலானவை நிறைவேறியிருந்தன. இந்த மறுவருகையை அறிக்கை வந்த பிறகு கேட்டால் கிடைப்பது கடினம். ஆணையத்தின் விசாரணை வரம்பு எழுதப்படும் வாரங்களில், பொதுமக்கள் கருத்துக்கு அதை வைக்கும்போதே, எழுதிக் கேட்டு வாங்க வேண்டும்.