தோளில் விழுந்த வெள்ளைக் கோடு

உருமாறும் போர் விமானப் பொம்மைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, எட்டு மாதம் பணம் சேர்த்து, ரோபோவாக மாறும் வால்கைரி போர் விமானப் பொம்மை ஒன்று வாங்கினேன். 60-ல் 1 பங்கு அளவு, கருநீல நிறம். மூன்றாவது தடவை ரோபோவாக மாற்றியபோது வலது தோளில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. இப்போது விரல் நகத்தால் தொட்டால் விரிசல் போலத் தட்டுப்படுகிறது. நான்தான் முரட்டுத்தனமாகத் திருப்பிவிட்டேனா? இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

பதில்: இல்லை தம்பி, நீங்கள் எதையும் உடைக்கவில்லை. விமானத்தை இன்னொரு முறை மாற்றிப் பார்க்காமல், இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே வைத்துவிடுங்கள்.

தோள் கீல் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்வார்கள். அதற்குள் பொடிப்பொடியாக ரப்பர் துகள்கள் கலந்திருக்கும். தாங்கும் அளவுக்கு மேல் இழுபட்டால், அந்தத் துகள்களைச் சுற்றி நுண்ணிய வெடிப்புகள் உண்டாகி அந்த இடம் வெளுத்துப்போகும். நீங்கள் பார்த்த கோடு அதுதான். கருநீலம் என்பதால் முன்கூட்டியே தெரிந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் அது கண்ணில் படாது.

என்னுடைய முதல் விமானம் வெள்ளை. வாங்கி நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ரோபோவாக நிற்க வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். இடது கை துப்பாக்கியோடு சேர்ந்து மேஜையில் விழுந்தது. நானும் உங்களைப் போலவே என்னைத்தான் திட்டிக்கொண்டேன். மறுநாள் வேலைக்குப் போய் (மூக்குக்கண்ணாடி பழுது பார்ப்பது என் தொழில்) பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கீலுக்குள் ஓர் உலோக ஆணி. அதன் ஒரு முனையில் மட்டும் பல் பல்லாக வெட்டு. ஆணி கழன்று வராமல் இருக்கத்தான் அந்தப் பல். ஆனால் துளையைவிட ஆணி ஒரு மயிரிழை தடிமன். பெட்டிக்குள் சும்மா இருந்த நாளெல்லாம் அந்த ஆணி பிளாஸ்டிக்கை உள்ளிருந்து நெம்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக்கை ஊற்றும்போது, துளை வர வேண்டிய இடத்தில் நிற்கும் கம்பியை அது இரண்டாகப் பிரிந்து சுற்றிப் போய் மறுபக்கத்தில் சேரும். சேர்ந்த இடம் ஒரு தையல் மாதிரி. மற்ற இடங்களைவிட அங்கே வலு குறைவு. விரிசல் பெரும்பாலும் அந்தத் தையலில்தான் ஓடும். உங்கள் தோளிலும் கோடு துளையின் ஓரத்தில் தொடங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? திருப்பிக் கொடுக்கும் கெடு முடியவில்லை என்றால் பசையைத் தொடவே தொடாதீர்கள். நான்கு பக்கமும் படம் எடுத்து, பெட்டியின் எண்ணையும் சேர்த்து, இன்றைக்கே கடைக்கு எழுதுங்கள். நீங்கள் ஒட்டிவிட்டால் அது யாருடைய குறை என்று வாதாட வழியில்லை.

கெடு தாண்டிவிட்டால் ஆணியைக் கழற்ற வேண்டியிருக்கும். பல் இல்லாத முனையில் மெல்லிய கம்பியை வைத்துத் தட்டுங்கள். பல் உள்ள முனை, உள்ளே போன வழியிலேயே வெளியே வரும். மாற்றித் தட்டினால் பல் துளை முழுவதையும் சுரண்டிக்கொண்டு போகும். விரிசலில் ஏபிஎஸ்ஸை உருக்கி ஒட்டும் மாடல் பசையை ஒரு சொட்டு இழுக்க விட்டு, கிளிப் போட்டு, முழுதாக ஒரு நாள் காயவிடுங்கள். அப்புறம் துளையை மெல்லிய துரப்பண ஊசியால் லேசாக அகலப்படுத்திவிட்டே ஆணியைப் போடுங்கள். இதைச் செய்யாமல் ஒட்டினால் அதே இடத்தில் மறுபடி பிளக்கும். என்னுடையது அப்படிப் பிளந்து, இரண்டாம் முறைதான் நின்றது. இப்போது ஆறு வருடமாக நிற்கிறது.

தொட்டால் மெழுகு மாதிரி வழுவழுப்பாக இருந்தால் அது ஏபிஎஸ் அல்ல, பிஓஎம் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக். அதில் எந்தப் பசையும் உருப்படியாகப் பிடிக்காது. மாற்று உதிரிதான் தேட வேண்டும்.

கேள்வி: என் விமானத்தில் இரண்டு காலும் சரியாக மூடவில்லை. உற்றுப் பார்த்தால் இரண்டு கணுக்கால் மூடிகளும் ஒரே பக்கம் வளைந்திருக்கின்றன. கோளாறா, வடிவமைப்பே அப்படியா?

பதில்: கோளாறுதான். இடம் வலம் மாறிப் பூட்டியிருக்கிறார்கள், அல்லது இரண்டும் ஒரே பக்கத்து உறுப்பு. உறுப்பின் உள்பக்கம் சிறிய எழுத்து ஏதாவது பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். சில அச்சுகளில் இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனிக் குறி இருக்கும். இடம் மாறியதுதான் என்றால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது முதலில் பின்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். பழைய புரியில் 'டக்' என்று உட்காரும். அப்புறம் முடுக்குங்கள். எடுத்தவுடன் முடுக்கினால் புதுப் புரி வெட்டி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் பிளந்துவிடும்.

கேள்வி: பரணில் அப்பாவின் பழைய விமானம் ஒன்று கிடைத்தது. வெள்ளையும் சிவப்பும். ரோபோவாக மாறுகிறது. மூக்குப் பக்கம் மட்டும் மஞ்சளாகிவிட்டது. இறக்கையில் ஆட்டோபாட் சின்னம். இது டிரான்ஸ்ஃபார்மர்ஸா, மேக்ராஸா? மஞ்சளைப் போக்க முடியுமா?

பதில்: இரண்டும்தான். உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுந்துபோய் என்னுடையதை எடுத்து வைத்துக்கொண்டேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஜெட்ஃபயர். ஆட்டோபாட் என்பது டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையில் நல்ல ரோபோக்களின் அணி; அந்த வரிசையில் ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனம் 1985-ல் வெளியிட்டது. ஆனால் அந்த அச்சு அதற்கு முந்தியது. 1982 அக்டோபரில் ஜப்பானில் மேக்ராஸ் என்ற கார்ட்டூன் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபோது, டகடோகு நிறுவனம் 55-ல் 1 பங்கு அளவில் செய்த விஎஃப்-1 வால்கைரி விமானம் அது. வடிவமைத்தவர் ஷோஜி கவமோரி. அமெரிக்காவின் எஃப்-14 டாம்கேட் போர் விமானத்தை வைத்து வரைந்தார். டாம்கேட்டில் இரண்டு இன்ஜின்களும் ஒட்டாமல் தள்ளித் தள்ளி இருக்கும். அந்த இரண்டும் இரண்டு கால்களாகிவிட்டன. நடுவில் கிடைத்த இடத்தில் கைகள் மடங்கிப் படுத்துக்கொண்டன. நாற்பது வருடத்துக்கு மேலாகியும் இதைவிட அழகான உருமாற்றத்தை நான் பார்க்கவில்லை. 1984-ல் டகடோகு மூடப்பட்ட பிறகு அச்சு பண்டாய் என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனத்தின் கைக்குப் போனது.

மஞ்சளுக்கு வருகிறேன். தீப்பிடிக்காமல் இருக்க அந்தக் காலத்து ஏபிஎஸ்ஸில் புரோமின் கலந்த ரசாயனங்கள் சேர்ப்பதுண்டு. அதுவும் பிளாஸ்டிக்கும் புற ஊதாக் கதிரில் மாறி மஞ்சளாகலாம். மூக்கு மட்டும் மஞ்சளாகி மற்றது அப்படியே இருந்தால், ஒரே வெள்ளையை வெவ்வேறு கலவையில் வார்த்திருக்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலிலோ புற ஊதா விளக்கிலோ வைத்தால் வெளுக்கும். ஆனால் ஸ்டிக்கரும் அச்சிட்ட சின்னமும் போய்விடலாம், சில வருடத்தில் மஞ்சள் திரும்பியும் வரலாம். அப்பா விளையாடிய பொம்மை என்கிறீர்கள். நானாக இருந்தால் தொடமாட்டேன். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, வெயில் படாத அலமாரியில் வைப்பேன்.

கேள்வி: முழங்கால் தொளதொளவென்று இருக்கிறது, தோள் இறுக்கமாக இருக்கிறது. தோளுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் விடலாமா?

பதில்: கூடாது. அந்த எண்ணெய் இழுபட்ட நிலையில் இருக்கும் ஏபிஎஸ்ஸைப் பிளக்க வைக்கும். இறுக்கத்துக்கு சிலிக்கான் கிரீஸ், பல் குத்தும் குச்சி நுனியில் எடுக்கும் அளவு போதும். முழங்காலுக்குள் சூப்பர் க்ளூவை மெல்லிய படலமாகத் தடவி, முழுதாகக் காயும் வரை மூட்டை அசைத்துக்கொண்டே இருங்கள். அசைக்க மறந்தால் கால் அப்படியே ஒட்டிப்போகும்.

கேள்வி: புதிதாக வாங்கியதைப் பெட்டியோடு வைத்துக்கொள்ளலாமா, பிரித்துவிடலாமா? முதல் தடவை மாற்றப் பயமாக இருக்கிறது.

பதில்: பிரியுங்கள். பிரித்தால்தானே குறை தெரியும்? இரண்டு வருடம் கழித்து இரண்டு வலது கைகளைக் கண்டுபிடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

வந்த அன்றைக்கே, நல்ல வெளிச்சத்தில், எதையும் திருப்பாமல் முதலில் ஒவ்வொரு கீலையும் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டுக்குள் பெயின்ட் ஒட்டிப் பிடித்திருக்கும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து அரை நிமிடம் காட்டி, சிறிது சிறிதாக இப்படியும் அப்படியும் அசையுங்கள். ஓர் உறுப்பு வர மறுத்தால் நிறுத்திவிட்டு விளக்கத் தாளைப் பாருங்கள்; அதற்கு முன்னால் திறக்க வேண்டிய கொக்கி ஒன்றை விட்டிருப்பீர்கள். தாளின்படி எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் தள்ளாதீர்கள், கடைக்கு எழுதுங்கள். எனக்கு இன்றைக்கும் ஒரு புது விமானத்தின் முதல் மாற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது.